விலைக்கு வாங்கிய பாடல் யாருக்குச் சொந்தம்?

விற்பனை வேறு, வாடகை வேறு. ஃபிக்ஹு நூல்கள் 'பைஉ' என்னும் விற்பனைக்கு ஓர் அதிகாரத்தையும், 'இஜாரா' என்னும் வாடகைக்கு வேறோர் அதிகாரத்தையும் வகுத்திருப்பதை மதரசாவில் ஓதும் இளம் மாணவரும் அறிவர். விலையைப் பெற்றுக்கொண்டவர் பொருளின் மீதிருந்து தம் கையை எடுத்துவிட வேண்டும். வாடகைக்கு விட்டவரோ தவணை முடிந்ததும் பொருளைத் திரும்பப் பெறுவார். இரண்டுமே முறையான கொடுக்கல் வாங்கல்கள்தாம். ஆனால் விற்பனைக்குரிய விலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, வாடகைக்கு விடுபவருக்குரிய அதிகாரத்தையும் கையிலேயே வைத்துக்கொள்ளும் வணிகத்திற்கு என்ன பெயரிடுவது? இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இணையவழி இசை வணிகம் இந்தக் கேள்வியைத்தான் உலகின் முன் வைத்தது.

அக்கேள்விக்கு அவ்வணிகத்தின் முதல்வரே எழுதிய விடை ஒன்று உண்டு. 2007 பிப்ரவரி 6ஆம் நாள் ஆப்பிள் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஜாப்ஸ், 'இசை பற்றிய சிந்தனைகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு திறந்த மடலைத் தம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் வெளியிட்டார். இசையை விடுவித்த மடல் என்று பலர் அதனைப் போற்றியதுண்டு. ஐபாட் என்னும் பாடற்கருவி 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மடல் எழுப்பிய வழக்கோ இன்னும் தீரவில்லை. ஆகவே அம்மடலின் வாதங்களை எடைபோட்டு, அவற்றை நம் பகுதி மக்களின் இசை கேட்கும் பழக்கத்தோடு வைத்துப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

பொருந்தாமையும் பூட்டும்

ஒரு நிறுவனத்தின் தட்டு மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பாடாமல் போவது புதிய செய்தியன்று. எடிசன் நிறுவனம் 1912இல் வெளியிட்ட இசைத்தட்டுகளில் ஊசி மேலும் கீழுமாக அசையும்படி தடம் வெட்டப்பட்டிருந்தது. விக்டர் நிறுவனத்தின் தட்டுகளிலோ ஊசி பக்கவாட்டில் அசையும். ஒன்றை மற்றதன் பெட்டியில் வைத்தால் பாட்டு ஒழுங்காகக் கேட்காது. எனினும் கைத்திறன் உள்ளோர் இடையில் பொருத்தும் உறுப்புகளைச் செய்து விற்றனர்; அவற்றை வாங்கியோர் இரு வகைத் தட்டுகளையும் கேட்டு மகிழ்ந்தனர். பின்னாளில் 78, 45, 33 என வெவ்வேறு சுழல் வேகங்கள் வந்தபோது, வேகத்தை மாற்றும் ஒரு விசை பெட்டியிலேயே அமைந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட்டைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிச் செய்துகொள்ள இசைவளித்தது. அதனாலேயே சென்னைத் துறைமுகத்தை அடுத்த பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பானியப் பெட்டியில் எச்.எம்.வி. கேசட்டும், ஏதோ ஒரு சிற்றூரில் பதிந்த கேசட்டும் ஒன்றுபோலவே பாடின.

இவை யாவும் பொருந்தாமை. பூட்டு என்பது வேறு. டி.ஆர்.எம். எனச் சுருக்கமாக வழங்கும் எண்ணிம உரிமை மேலாண்மை என்னும் ஏற்பாட்டில், பாடல் முதலில் மறைகுறியாக மாற்றப்படுகிறது. அதனைத் திறக்கும் சாவி, வாங்கியவரின் கணக்கோடும் கருவியோடும் பிணைக்கப்படுகிறது. கருவி மாறினால் புதிய இசைவு வேண்டும். அந்த இசைவைத் தருவது விற்றவரின் சர்வர். எடிசன் தட்டுக்கு இடைப்பொருத்தி செய்தவரை எந்தச் சட்டமும் தண்டிக்கவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ இத்தகைய பூட்டைத் திறப்பதையும், திறக்கும் கருவியை விற்பதையும் தடை செய்தது. பொருந்தாமையைக் கைவினைஞர் நீக்கிவிடலாம். பூட்டை நீக்க முயல்பவர் வழக்கைச் சந்திக்க நேரும். நம் விவாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

அக்காலத்துக் கடைவீதியைச் சற்றே நோக்குவோம். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாடல் 'ஃபேர்ப்ளே' என்னும் பூட்டோடு வந்தது. ஐபாட் தவிர வேறு நிறுவனங்களின் பாடற்கருவிகளில் பொதுவாக அது பாடாது. சோனி நிறுவனம் 2004இல் 'கனெக்ட்' என்னும் கடையைத் திறந்து, தனக்கே உரிய ஒலிவடிவில் பாடல்களை விற்றது. மைக்ரோசாஃப்ட் தன் பூட்டைப் பல நிறுவனங்களுக்கு உரிமம் தந்து, 'உறுதியாகப் பாடும்' என்னும் பொருள்பட 'ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்' என்ற முத்திரையை 2004இல் வழங்கியது. ஆனால் 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் 'சூன்' என்னும் சொந்தக் கருவியை வெளியிட்டபோது, அந்த முத்திரையோடு விற்ற பாடல்கள் அதில் பாடவில்லை. உறுதிமொழி தந்தவரின் வீட்டிலேயே உறுதிமொழி செல்லாமற் போனது.

இடைப்பொருத்தி செய்ய முயன்றவரும் இல்லாமலில்லை. ரியல்நெட்வொர்க்ஸ் என்னும் நிறுவனம் 2004 ஜூலையில் 'ஹார்மனி' என்ற நுட்பத்தை வெளியிட்டுத் தன் கடையில் விற்கும் பாடல்கள் ஐபாடிலும் பாடும்படி செய்தது. ஆப்பிள் அதனை அத்துமீறல் எனக் கண்டித்தது; அவ்வாண்டு முடிவதற்குள் தன் மென்பொருளை மாற்றி, அப்பாடல்கள் புதிய ஐபாடுகளில் பாடாதவாறு செய்தது. பாடலும் விலை கொடுத்து வாங்கியது, கருவியும் விலை கொடுத்து வாங்கியது. இரண்டுக்கும் உரியவர் ஒருவரே. ஆயினும் இரண்டையும் இணைக்கும் உரிமை அவரிடம் இல்லை.

மடலின் வாதம்

இந்நிலையை எதிர்த்து ஐரோப்பாவில் குரல் எழுந்தது. நார்வேயின் நுகர்வோர் காப்பாளர் 2006இல் ஐடியூன்ஸ் விதிமுறைகளை நியாயமற்றவை என்றார். பிரான்ஸ் அதே ஆண்டில் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம், கருவிகளிடையே பொருத்தம் குறித்து முடிவு செய்ய ஓர் அமைப்பையும் உருவாக்கியது. இந்த நெருக்கடியின் நடுவில்தான் ஜாப்ஸின் மடல் வந்தது என்பதை மறந்துவிட்டு அதனைப் படித்தல் கூடாது.

மடல் மூன்று வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, ஒவ்வொரு நிறுவனமும் தன் பூட்டோடு தொடர்வது. இரண்டு, ஆப்பிள் தன் பூட்டைப் பிறருக்கு உரிமம் தருவது. மூன்று, பூட்டையே ஒழிப்பது. முதல் வழி வாடிக்கையாளரைச் சிறைப்படுத்தவில்லை என மறுத்துவிட்டு, இரண்டாம் வழி இயலாதது எனத் தள்ளி, மூன்றாவதே சிறந்தது என்று முடிக்கிறார். பூட்டு ஏன் வந்தது என்பதற்கு அவர் கூறும் காரணம், நான்கு பெரிய இசை நிறுவனங்களும் அதனை நிபந்தனையாக விதித்தன என்பது. பூட்டு உடைபட்டால் சில வாரங்களுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் அவை தம் பாடல்கள் அனைத்தையும் திரும்பப் பெறலாம் என ஒப்பந்தம் இருந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

மடலின் வலிமையான பகுதி அதன் ஒப்பீடு. 2006ஆம் ஆண்டில் உலகெங்கும் இணையக் கடைகள் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் அதே நிறுவனங்கள் குறுந்தகடுகளில் பூட்டே இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் அதிகம் என்கிறார். வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலுக்குப் பூட்டுப் போடுவதில் பயன் என்ன? இந்த வாதத்திற்கு இன்றுவரை விடையில்லை. குறுந்தகட்டையும் பூட்ட முயன்ற சோனி பிஎம்ஜி நிறுவனம், வாங்கியவரின் கணினியில் அவர் அறியாமல் மறைமென்பொருளை நிறுவி, 2005 நவம்பரில் அத்தகடுகளைத் திரும்பப் பெறும் நிலைக்கு ஆளானது. திருட்டைத் தடுக்கப் புறப்பட்டவர்கள் விலை கொடுத்தவரின் வீட்டிற்குள் சொல்லாமல் புகுந்த கதை அது.

ஆனால் மடலின் பிற பகுதிகள் இதே உறுதியோடு நிற்கவில்லை.

முதலாவது, அதன் சராசரிக் கணக்கு. 2006 முடிய விற்ற ஐபாடுகள் 9 கோடி, பாடல்கள் 200 கோடி. எனவே ஒரு கருவிக்கு 22 பாடல்கள். பரவலாக விற்ற ஐபாடில் 1,000 பாடல்கள் கொள்ளும். ஆகவே அதிலுள்ள பாடல்களில் 3 விழுக்காடுகூடப் பூட்டப்பட்டவை அல்ல என்பது அவர் முடிவு. கூட்டலும் வகுத்தலும் சரிதான். எனினும் இழப்பைச் சராசரியால் அளக்க இயலாது. ஒரு பாடலும் வாங்காதவர் பலர் இருக்க, 500 பாடல்கள் வாங்கியவர் சிலர் இருந்தால், பூட்டின் பாரம் முழுவதும் அச்சிலர் தலையிலேயே விழுகிறது. அச்சிலர் யாவர்? நேர்மையாக விலை கொடுத்தவர்கள். எவர் மிகுதியாக வாங்கினாரோ அவரே மிகுதியாகச் சிறைப்பட்டார் என்பதைச் சராசரி மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, பழியைப் பெரிய நிறுவனங்களின் மீது மட்டும் சுமத்துவது. பூட்டே வேண்டாம் என்றிருந்த சிறு இசைப் பதிப்பகங்களும் அக்காலத்தில் உண்டு. இமியூசிக் என்னும் கடையில் அவற்றின் பாடல்கள் பூட்டற்ற எம்பி3 வடிவில் விற்கப்பட்டன. அவர்களின் பாடல்களும் ஐடியூன்ஸில் பூட்டோடுதான் வந்தன. உரிமையாளர் கேட்காத பூட்டைக் கடைக்காரர் ஏன் போட்டார் என்பதற்கு மடலில் விடை இல்லை.

மூன்றாவது, மடலின் மௌனம். அந்நாளில் ஜாப்ஸ் டிஸ்னி நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரராகவும் அதன் இயக்குநர் குழு உறுப்பினராகவும் இருந்தார். ஐடியூன்ஸில் விற்ற டிஸ்னி திரைப்படங்களும் பூட்டோடுதான் விற்றன. பாடலுக்கு ஆகாத பூட்டு படத்திற்கு ஆகுமா என்ற கேள்வியை அவர் எழுப்பவே இல்லை. ஒருவருடைய கொள்கை அவருக்கே இழப்பு தரும் இடத்தில் எப்படி நிற்கிறது என்பதே அதன் உரைகல். அந்த உரைகல்லில் மடல் உரசப்படவில்லை.

இவ்வளவு கூறிய பின்னும், மடல் நன்மை விளைத்ததை மறுப்பது நேர்மையாகாது. 2007 ஏப்ரலில் இ.எம்.ஐ. நிறுவனம் பூட்டற்ற விற்பனைக்கு இசைந்தது. செப்டம்பரில் அமேசான் பூட்டற்ற எம்பி3 கடையைத் திறந்தது. 2009 ஜனவரியில் நான்கு பெரிய நிறுவனங்களும் ஐடியூன்ஸில் பூட்டைக் கைவிட இசைந்தன. ஆனால் முன்பே வாங்கிய பாடலின் பூட்டை நீக்கிக்கொள்ளப் பாடலுக்கு 30 சென்ட் கட்டணம் வாங்கப்பட்டது. பூட்டற்ற பதிப்பின் ஒலித்தரம் உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் தமக்கு விற்ற பொருளைத் தமதாக்கிக்கொள்ள வாங்கியவர் மறுபடியும் பணம் கொடுத்தார் என்பதும் உண்மையே.

மூடப்பட்ட இரு கடைகள்

பூட்டின் இயல்பு கடை நடக்கும்போது முழுமையாகத் தெரிவதில்லை, மூடும்போதுதான் தெரிகிறது. மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மியூசிக் 2006 நவம்பரில் விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில் அது வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிவிப்பு, ஆகஸ்ட் 31க்குப் பின் புதிய கணினிகளுக்குச் சாவி வழங்கப்படாது என்றது. ஏற்கெனவே இசைவு பெற்ற கணினி உயிரோடிருக்கும்வரை பாட்டு உண்டு. அது பழுதானால் விலை கொடுத்த பாடல்களும் அதனோடு போயின. எதிர்ப்பு வலுத்ததால் அக்கெடு 2011 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. யாஹூவின் கடையும் 2008இல் இவ்வாறே தன் சாவி சர்வர்களை மூடுவதாக அறிவித்தது.

இதனோடு நம் நாட்டுக் கடை ஒன்றை ஒப்பிடுவோம். ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2012 பிப்ரவரியில் 'ஃபிளைட்' என்னும் இசைக்கடையை இணையத்தில் தொடங்கியது. தமிழ்ப் பாடல்களும் அதில் விற்பனைக்கு இருந்தன. இலவசத் திருட்டுப் பதிவுகளோடு போட்டியிட முடியாமையும், சிறு தொகைகளை எளிதில் செலுத்தும் வசதி அந்நாளில் இல்லாமையும் அதனை வாட்டின. 2013 ஜூனில் கடை மூடப்பட்டது. ஆயினும் அங்கு விற்றவை பூட்டற்ற எம்பி3 கோப்புகள். பதிவிறக்கி வைத்திருந்தவரின் பாடல், கடை மூடிய மறுநாளும் பாடியது, இன்றும் பாடும்.

வணிகத்தில் ஃபிளைட் தோற்றது. எம்.எஸ்.என். மியூசிக்கும் தோற்றது. இரண்டாவதன் தோல்வி வாங்கியவரின் தலையில் விழுந்தது. முதலாவதன் தோல்வி விற்றவரோடு நின்றது. ஒரு பரிமாற்றம் உண்மையான விற்பனைதானா என்று அறிய இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை: விற்றவர் கடையை மூடிய பின்னும் பொருள் வாங்கியவரிடம் நிலைக்கிறதா?

வடசென்னையின் வழக்கம்

இத்தனை வழக்குகளும் நடந்த ஆண்டுகளில் நம் மக்கள் எவ்வாறு பாட்டுக் கேட்டனர் என்பதை இனிக் காண்போம். நாம் வாழும் மணலி புதுநகர், சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் சூழ்ந்த தொழிற்பகுதியை ஒட்டி அமைந்த குடியிருப்பு. எண்ணூர், சென்னைத் துறைமுகங்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் இப்பகுதிச் சாலைகளில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது வாசகர் பலர் கண்ட காட்சியே. அந்தக் காத்திருப்பில் ஓட்டுநருக்குத் துணை பாட்டுப்பெட்டி. முன்பு கேசட், பிறகு எம்பி3 தகடு, அதன்பின் பென் டிரைவ். அப்பெட்டிக்குத் தெரிந்தது எம்பி3 ஒன்றே. எந்த நிறுவனத்தின் சாவியையும் அது அறியாது.

ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில்தான். அதற்குள் பாடல்களின் பூட்டும் போயிருந்தது. முறையான கடை வருவதற்கு முன்பே, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகள் வடசென்னையின் தெருக்களில் பெருகிவிட்டன. ரீசார்ஜ் செய்யும் கடையிலோ செல்போன் பழுது பார்க்கும் கடையிலோ ஒரு கணினி இருக்கும். சிறு தொகை கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். எந்தக் கருவியிலும் பாடும், நண்பருக்கும் கொடுக்கலாம். பொருத்தம் என்ற அளவில் பார்த்தால், பெரு நிறுவனங்களின் கடைகள் தர மறுத்ததை இச்சிறு கடை தந்தது.

ஆயினும் அது நியாயமான கடையன்று. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் பதிப்பித்தவருக்கும் அதிலிருந்து ஒரு காசும் போகவில்லை. எழுத்து, கலை முதலியவற்றின் மீதான உரிமையும் சொத்துரிமையே. அதில் அத்துமீறுதல் ஆகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது தீர்மானித்துள்ளது. இக்கடைகளை முறைப்படுத்தும் நோக்கில், எம்.எம்.எக்ஸ். என்ற பெயரில் உரிமம் வழங்கும் திட்டமொன்றை இந்திய இசைத்துறைச் சங்கமும் நடத்தியது. கடையைக் குற்றமாக்கி ஒதுக்குவதைவிடக் கடைக்காரரை முறையான விற்பனையாளராக்குவது நல்வழி என அச்சங்கமே உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடத்தில் கருதத்தக்கது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு ஈராண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல்லில்தான் அதன் நியாயம் இருக்கிறது. சட்டம் தடுக்காத ஒரு பயனுக்காகப் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என அப்பிரிவே விலக்களிக்கிறது. அவ்வாறு திறக்கப் பிறருக்கு உதவுபவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி முதலியவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அமெரிக்கச் சட்டம் பூட்டைக் காத்தது. நம் சட்டம் எண்ணத்தைப் பார்க்கிறது. செயல்களை எண்ணங்களைக் கொண்டு மதிப்பிடப் பழகிய நமக்கு இந்த அணுகுமுறை அந்நியமாகத் தோன்றாது. நடைமுறையிலோ, விலைக்கு வாங்கிய பாடலைத் தம் கருவிக்கு மாற்ற விரும்பும் எளியவருக்குப் பதிவேடு வைத்துப் பூட்டைத் திறந்து தரும் கடை எங்கே இருக்கிறது?

நகல் செய்யும் வழக்கத்தில் திருட்டு மட்டுமே இருந்ததாக எண்ணிவிடுதலும் கூடாது. நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார். அவருடைய பாடல்கள் இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து தகட்டுக்கும், அங்கிருந்து மெமரி கார்டுக்கும் மாறி வந்ததால்தான் மூன்று தலைமுறையினர் அவற்றைக் கேட்கின்றனர். புகழ்பெற்ற பாடகரின் பாடல்களைக் காக்கப் பெரு நிறுவனம் உண்டு. ஊர்த் திருமணங்களிலும் மீலாது மேடைகளிலும் பாடிய சிறு பாடகர்களின் பதிவுகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. அவை ஒருவரிடமிருந்து மற்றொருவர் நகல் எடுத்து வைத்ததால் மட்டுமே எஞ்சின. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மணலி புதுநகரின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஒரு வீட்டில் நனைந்து அழியும் நாடாவுக்கு, வேறு வீட்டில் நகல் இருந்தால் மட்டுமே மறுவாழ்வு உண்டு. நகலே எடுக்க முடியாத பாடலை இழந்தால் மீட்க வழியில்லை. பூட்டு குறித்த விவாதம் வசதி குறித்தது மட்டுமே என எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

திரும்பி வந்த பூட்டு

2009இல் பூட்டு போயிற்று என்று மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விற்பனையே ஓய்ந்து, மாதக் கட்டணத்திற்கோ விளம்பரத்திற்கிடையிலோ பாட்டுக் கேட்கும் ஓடை முறை பரவியது. அங்கே பதிவிறக்கம் எனப்படுவதும் பூட்டோடுதான் வருகிறது. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாடல் நிலைக்க வேண்டுமாயின், 30 நாளுக்கு ஒருமுறையேனும் இணையத்தோடு இணைய வேண்டும். சந்தா முடிந்தால் பாடலும் முடிந்தது. அதனைப் பென் டிரைவில் ஏற்றி லாரியின் பெட்டியில் கேட்கவும் வழியில்லை.

கடைகளுக்கிடையிலான பிணக்கும் தீரவில்லை. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது, சரிகம நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்படாமல் வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் சென்றது. 2020இல் இருவரும் இசையும்வரை சரிகமவின் பழைய பாடல்கள் அதில் முறையாகக் கிடைக்கவில்லை. 2014இல் தொடங்கிய ஏர்டெல்லின் விங்க் மியூசிக், 2024இல் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுகளாக ஒருவர் தேடித் தொகுத்த பாடற்பட்டியல் அவரோடு தானாகப் புறப்பட்டு வந்துவிடாது. வேறு கடையில் மீண்டும் தொகுக்க வேண்டும்.

எனினும் வாடகை என்பதற்காகவே ஒன்றைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. காலர் டியூன் என்னும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். மாதம் 30 ரூபாய் அளவில் கட்டி, நம்மை அழைப்பவர் கேட்கும்படி ஒரு பாடலை வைத்தோம். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் எண் மாற்றமின்றி நிறுவனம் மாறும் வசதி வந்தபோது, எண் நம்மோடு வந்தது, பாட்டு வரவில்லை. எவரும் அதனை மோசடி என்று கூறவில்லை. மாத வாடகை என்று சொல்லியே வாங்கினார்கள், வாடகை என்று அறிந்தே கொடுத்தோம். பெயரும் பொருளும் ஒத்திருந்தன. சரிகம 2017இல் வெளியிட்ட 'கார்வான்' பெட்டியும் இத்தகைய நேர்மை உடையதே. அதில் நிரப்பிய பழம்பாடல்களை வெளியே எடுத்துச் செல்ல வழி அமைக்கப்படவில்லை என்பது குறைதான். ஆனால் பெட்டி வாங்கியவருக்குச் சொந்தம், இணையமின்றிப் பாடும், நம் பென் டிரைவையும் ஏற்கும். அதனை இயக்க எவருடைய அன்றாட இசைவும் தேவையில்லை.

குறை பூட்டில் மட்டுமன்று, பெயரிலும் இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இதனை உணர்ந்துள்ளது. வாங்கியவர் நிரந்தரமாகத் தம்மிடம் வைத்துக்கொள்ள இயலாத எண்ணிமப் பொருளை, அது உரிமம் மட்டுமே எனத் தெளிவாகக் கூறாமல் 'வாங்குக' என்ற சொல்லால் விற்கக் கூடாது என்கிறது அச்சட்டம். பூட்டை அது நீக்கவில்லை. பூட்டிய பொருளை விற்பனை என அழைப்பதைத் தடுத்தது. ஒப்பந்தத்தில் இருசாராரும் அறியாத மறைவு இருத்தலாகாது என்னும் பழைய நெறியோடு இது முற்றும் ஒத்துப்போகிறது.

ஜாப்ஸின் மடலில் நாம் காணும் பெருங்குறையும் இதுவே. பூட்டு பயனற்றது என்று அவர் நிறுவினார், அது சரியே. ஆனால் 200 கோடிப் பாடல்களை 'விற்றோம்' என்று எழுதிய அவர், விற்பது என்றால் என்ன என்று கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேட்டிருந்தால், பாடலோடு திரைப்படத்திற்கும் நூலுக்கும் அதுவே விடையாகியிருக்கும். பூட்டு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தபோது உலகம் அதனை அடையாளம் கண்டிருக்கும். விற்பதாயின் கையை எடுத்துவிடுங்கள். வாடகையாயின் வாடகை என்று சொல்லுங்கள். இசை வணிகரிடம் நாம் கேட்பது இவ்வளவே. மெமரி கார்டு கடைக்காரரிடமும் அதே நேர்மையைக் கேட்கிறோம்: உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டுப் பாட்டை ஏற்றித் தாருங்கள். இவ்விரு நேர்மைகளில் ஒன்று குறைந்தாலும் இழப்பு பாடலுக்கும், அதனைக் கேட்க வரும் அடுத்த தலைமுறைக்குமே ஆகும்.